ஐந்து மாதக் குழந்தை ஒரு கையை மட்டும் நீட்டினால்: பிறப்பையொட்டிய பக்கவாதமும் மூளை முடக்குவாதமும்

பதிவு 1 | வீரவநல்லூர் தந்தை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. அவள் தவழவில்லை, உட்கார்ந்தபடியே இடக்கையை ஊன்றித் தரையில் நகர்கிறாள். பிஸ்கட்டானாலும் பொம்மையானாலும் இடக்கையை நீட்டித்தான் வாங்குகிறாள். வலக்கை, கட்டைவிரலை உள்ளே மடக்கி வைத்து, மூடியபடியே இருக்கிறது. ஐந்தாம் மாதத்திலேயே என் மனைவி இதைக் கவனித்துச் சொன்னாள். "பிள்ளைக்குப் பீச்சாங்கைப் பழக்கம், உங்க தாத்தாவும் அப்படித்தான்" என்று என் ஆச்சி சொல்லிவிட்டார்கள். தடுப்பூசிக்குப் போன இடத்தில் கேட்டபோது, ஒரு வயது வரை பார்க்கலாம் என்றார்கள்.

இப்போது எம்.ஆர்.ஐ. எடுத்ததில், மூளையின் இடப்பக்கத்தில் நடுப் பெருமூளைத் தமனி ரத்தம் ஊட்டும் பகுதி பழைய அடைப்பினால் சேதமடைந்திருப்பதாகவும், பிறப்பையொட்டி நேர்ந்த பக்கவாதத்தின் விளைவு இது என்றும், உடலின் வலப்பக்கத்தைப் பாதிக்கும் மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி) என்று இதைக் குறிப்பிட வேண்டும் என்றும் நரம்பியல் மருத்துவர் கூறினார். பிறந்த இரண்டாம் நாள் குழந்தையின் வலக்கை விட்டுவிட்டுத் துடித்தது. குளிரில் நடுங்குகிறது என்று சொல்லித் துணியால் சுற்றிக் கொடுத்து, மறுநாள் அந்தத் தனியார் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இது பிரசவத்தில் நேர்ந்த தவறா, அடுத்த குழந்தைக்கும் வருமா, இவள் நடப்பாளா, பேசுவாளா என்று வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 | ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர், பாளையங்கோட்டை

தம்பி, உங்கள் கேள்விகளுள் பிரசவத்தைப் பற்றியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெளிவாகாத வரை வீட்டில் மற்றவை எதுவும் காதில் ஏறாது.

கருவின் இருபதாம் வாரத்திலிருந்து பிறந்த இருபத்தெட்டாம் நாள் வரை மூளையின் ரத்தக் குழாயில் ஏற்படும் அடைப்பையோ கசிவையோ பிறப்பையொட்டிய பக்கவாதம் என்கிறோம். ஆயிரம் முதல் சில ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது நேர்கிறது. பக்கவாதம் முதியவர்களின் நோய் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் மனித வாழ்நாளில் அதற்கான அபாயம் மிகுந்த காலங்களுள் பிறப்பை ஒட்டிய சில நாட்களும் ஒன்று. பேற்றின்போது அதிக ரத்தம் போகாமல் இருப்பதற்காகத் தாயின் உடல் கடைசி மாதங்களில் ரத்தம் எளிதில் உறையும் நிலைக்கு மாறுகிறது. பிறக்கும் குழந்தையின் ரத்தத்திலும் சிவப்பணுக்கள் செறிந்திருக்கும். நஞ்சுக்கொடியில் உருவாகும் சிறு உறைகட்டி குழந்தையின் உடலுக்குள் வந்தால், நம்மைப் போலப் பெரியவர்களுக்கு அது நுரையீரலில் தங்கிவிடுவது போலத் தங்குவதில்லை. கருவிலிருக்கும் குழந்தையின் இதயத்தில் மேலறைகளுக்கிடையே இயற்கையாகவே ஒரு திறப்பு உண்டு; அதன் வழியே கட்டி இடப்பக்கம் கடந்து நேராக மூளைக்குப் போய்விட முடியும். அப்படிப் போவது பெரும்பாலும் இடப்பக்க நடுப் பெருமூளைத் தமனிக்குத்தான். மூளையின் இடப்பாதிதான் உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது; வலக்கை பாதிக்கப்பட்ட குழந்தைகளை நாம் அதிகம் பார்ப்பது இதனால்தான்.

தலைப்பிரசவம், தாய்க்கு ரத்தக் கொதிப்பு, பனிக்குடத்தில் தொற்று, நீண்ட நேர வலி, அவசர அறுவை ஆகியவை இதனோடு சேர்ந்து காணப்படுகின்றன. ஆனாலும் பெரும்பாலான குழந்தைகளில் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. மூச்சுத்திணறலால் வரும் சேதம் பொதுவாக மூளையின் இரு பக்கத்தையும் தாக்கும். ஒரு தமனியின் எல்லைக்குள் மட்டும், ஒரு பக்கமாக, வரைபடத்தில் கோடு போட்டாற்போலச் சேதம் இருந்தால் அது வேறு கதை. ஆகவே உங்கள் மனைவி பத்து மாதமும் எதைச் சாப்பிட்டாள், எங்கே போனாள் என்று யாராவது கணக்குக் கேட்டால், அந்தப் பேச்சை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

அந்த இரண்டாம் நாள் துடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சிளங் குழந்தைகளுக்குச் சாதாரண நடுக்கமும் வரும், வலிப்பும் வரும். நடுங்கும் கையை நாம் மெல்லப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடும். வலிப்பாக இருந்தால் நம் பிடிக்குள்ளேயே தாளம் தப்பாமல் துடித்துக்கொண்டிருக்கும். பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள், ஒரு கையோ ஒரு காலோ மட்டும் திரும்பத் திரும்பத் துடிப்பதுதான் இந்த நோயின் முதல் அறிகுறி. சில குழந்தைகளுக்கு அதுவும் வராது. நான்கைந்து மாதத்தில் கையை நீட்டத் தொடங்கும்போதுதான் வெளியே தெரியும்.

பதிவு 3 | முக்கூடல் தாய்

என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. அவனுக்கும் இதே வலக்கைதான். கிரகணத்தன்று நான் அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கியதால்தான் பிள்ளைக்குக் கை விளங்காமல் போயிற்று என்று என் மாமியார் ஊர் முழுக்கச் சொன்னார்கள். மைனி அதற்கும் மேலே போய், நான் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் காரணம் என்றாள். எங்கள் தெருவில் பீடி சுற்றாத கர்ப்பிணியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் எல்லாருடைய பிள்ளைகளுக்கும் ஏன் வரவில்லை என்று அன்றைக்கு எனக்குத் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை.

அவன் இரண்டு வயதை நெருங்கும்போது நடந்தான். இப்போது பள்ளிக்குச் சைக்கிளில் போகிறான். வலது பாதம் முன்பக்கமாக ஊன்றும் என்பதால் ஷூவுக்குள் கணுக்கால் தாங்கி போட்டிருக்கிறான். அவனுக்குப் பின் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. அடுத்த பிள்ளை விஷயத்தை மருத்துவர் ஐயாவே தெளிவாகச் சொன்னால் இந்தத் தம்பிக்கு நிம்மதியாக இருக்கும்.

பதிவு 4 | எதிர்க்கேள்வி

மருத்துவர் தம் சகாக்களைக் காப்பாற்றுகிறார் என்றே எனக்குப் படுகிறது. துடித்த குழந்தையைத் துணியில் சுற்றி அனுப்பிய இடத்தின் மேல் வழக்குப் போடாமல், உறைகட்டி, திறப்பு என்று உடற்கூறு வகுப்பு எடுப்பதில் என்ன பயன்? மேலும், குருத்தணு (ஸ்டெம் செல்) ஊசி போட்டுச் சேதமடைந்த மூளையைப் புதுப்பிக்கிறோம் என்று பெருநகரங்களில் விளம்பரம் செய்கிறார்கள். சில லட்சம் செலவாகுமாம். வழக்கில் வரும் பணத்தை அதற்குச் செலவிட்டால் குழந்தைக்கு முழுமையாகக் குணமாகிவிடுமே.

பதிவு 5 | ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர், பாளையங்கோட்டை

நான் யாரையும் காப்பாற்றவில்லை. வலிப்பைக் கவனிக்காமல் விட்டது குறைபாடுதான். அதை எழுத்தில் முறையிடுவது தந்தையின் உரிமை. ஆனால் அன்றைக்கே கண்டுபிடித்திருந்தாலும் அடைப்பு ஏற்பட்ட பகுதி மீண்டிருக்காது. பெரியவர்களுக்குப் போடும் உறைகட்டி கரைக்கும் ஊசி பச்சிளங் குழந்தைகளுக்கு வழக்கத்தில் இல்லை. வலிப்பை அடக்குவார்கள், சர்க்கரை அளவையும் உடல் வெப்பத்தையும் சீராக வைப்பார்கள், இதயத்தைச் சோதிப்பார்கள். மூச்சுத்திணறிய குழந்தைகளை எழுபத்திரண்டு மணி நேரம் குளிர்விக்கும் சிகிச்சை வேறொரு நோய்க்கு உரியது. இந்தக் குழந்தை உண்மையில் இழந்தது, ஐந்தாம் மாதத்துக்கும் பதினான்காம் மாதத்துக்கும் இடையில் கைக்குப் பயிற்சி கிடைத்திருக்க வேண்டிய காலத்தை. அந்த இழப்பில் ஆச்சியின் சொல்லுக்கும், "ஒரு வயது வரை பார்க்கலாம்" என்ற மருத்துவ ஆலோசனைக்கும் சம பங்கு உண்டு என்பது என் கருத்து. படித்தவர்கள் சொன்ன அந்த ஆலோசனைதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தருகிறது.

பிரசவத்தைக் குற்றம் சொல்வது பழைய பழக்கம். 1860-களின் தொடக்கத்தில் லண்டனில் வில்லியம் லிட்டில் என்ற அறுவை மருத்துவர், கடினமான பிரசவமும் மூச்சுத்திணறலும்தான் குழந்தைகளின் இத்தகைய முடக்கத்துக்குக் காரணம் என்று எழுதினார். உளவியலுக்குப் போவதற்கு முன்பு நரம்பியல் மருத்துவராக இருந்த சிக்மண்ட் ஃபிராய்டு, ஒரு பக்கம் முடங்கிய குழந்தைகளை 1890-களில் ஆராய்ந்துவிட்டு, கருவில் முன்பே நேர்ந்த கோளாறுதான் சில வேளைகளில் பிரசவத்தையும் கடினமாக்குகிறது என்று எதிர்வாதம் வைத்தார். நீதிமன்றங்களில் இன்றும் இந்தச் சண்டை ஓயவில்லை.

குருத்தணு ஊசி விஷயத்தில் ஒரே சொல்: வேண்டாம். மூளை முடக்குவாதத்துக்கு அது ஏற்கப்பட்ட சிகிச்சை அன்று. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே பணம் வாங்கிக்கொண்டு அதைச் செலுத்துவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை அனுமதிக்கவில்லை. நிலத்தை விற்று அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த குழந்தையைப் பொறுத்தவரை, தமனி அடைப்பினால் வந்த பக்கவாதம் அதே தாயின் அடுத்த குழந்தைக்கும் வருவது மிக அரிது. இந்தக் குழந்தைக்கே மறுபடி வருவதும், இதயத்தில் பிறவிக் கோளாறு இல்லையென்றால், மிக அரிது. அதனால் இதய எக்கோ எடுத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தக்கசிவினால் வந்த வகையாக இருந்தால் மட்டும் தட்டணுக்களைப் பற்றியும் மரபணுவைப் பற்றியும் அடுத்த கருத்தரிப்புக்கு முன்பே விசாரிக்க வேண்டும். உங்கள் அறிக்கையின்படி அது தேவைப்படாது.

பதிவு 6 | இயன்முறை சிகிச்சையாளர், நெல்லை

கையைப் பற்றி நான் எழுதுகிறேன். என் அன்றாட வேலையே அதுதான். பன்னிரண்டு மாதத்துக்கு முன்பு எந்தக் குழந்தைக்கும் இடக்கைப் பழக்கமோ வலக்கைப் பழக்கமோ உறுதிப்படாது. அதற்கு முன்பே ஒரு குழந்தை ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது என்றால், மற்றொரு கையில் ஏதோ தடை இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். சொத்தைப் பிரிப்பது போல இது அப்பாவின் வழி, இது தாத்தாவின் வழி என்று சொல்லிவிட்டு இருந்துவிடக் கூடாது. பயிற்சி பெற்றவர்கள் மூன்றாம் மாதத்திலேயே குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது அதன் தன்னியல்பான அசைவுகளைக் காணொளியில் பார்த்துக் கணித்துவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குள் மூளை முடக்குவாதத்தை இனங்காண முடியும் என்பதை 2017-இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டுதல் உறுதியாகச் சொன்னது.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பிறந்த புதிதில் மூளையின் இரு பாதிகளிலிருந்தும் ஒவ்வொரு கைக்கும் நரம்பிழைகள் போகின்றன. நாளடைவில் எதிர்ப்பக்கப் பாதியிலிருந்து வருவது பயன்பாட்டினால் வலுப்பெற, தன் பக்கத்திலிருந்து வருவது தேய்ந்துவிடும். இடப்பாதி அடிபட்டால், அங்கிருந்து வலக்கைக்கு வரும் மிச்சமுள்ள இழைகளுக்கு வேலை குறைகிறது. வலப்பாதி இரண்டு கைகளையும் தானே கைப்பற்றிக்கொள்கிறது. வீரவநல்லூர்க்காரருக்கு இதைக் கன்னடியன் கால்வாயை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும்: மடையைத் திறந்து நீரை ஓடவிடும் கிளை தூர்ந்துபோவதில்லை, ஒரு போகம் தண்ணீர் விடாமல் போட்ட கிளையில் செடி கொடி மண்டிவிடுகிறது. அந்த மடையைத் திறந்து வைக்க வேண்டிய காலம் முதல் இரண்டு வருடம்.

திறப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. நல்ல கைக்கு மென்மையான ஒரு கையுறையை மாட்டிவிட்டு, மற்றக் கையை விளையாட்டுக்கு இழுப்பது ஒன்று. சிறு குழந்தைகளுக்கு நாள்தோறும் அரைமணி, வாரத்தில் ஆறு நாள், ஆறு வாரம் என்ற அளவில் இதைச் செய்து பயன் கண்டிருக்கிறார்கள். இரண்டு கைகளும் சேர்ந்தால் மட்டுமே முடியக்கூடிய விளையாட்டைத் திரும்பத் திரும்பத் தருவது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன. பதினான்கு மாதக் குழந்தைக்கு நான் என்ன செய்யச் சொல்வேன் என்றால், வலது உள்ளங்கையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுங்கள். இடக்கையால் அதைப் பிய்த்தெடுப்பதற்கு வலக்கையை அவளே திருப்பிக் காட்ட வேண்டும்; மூடிய கை அந்த நேரத்தில் தானாகவே திறப்பதைப் பார்ப்பீர்கள். பொட்டு வாய்க்குள் போய்விடாமல் மட்டும் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய எவர்சில்வர் டம்ளரில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி இரு கையாலும் பிடிக்கக் கொடுங்கள். நாலு வயதில் அவளை உங்கள் ஆச்சியோடு உட்கார வைத்து, அவித்த பனங்கிழங்கை நாராக உரிக்கச் சொல்லுங்கள். ஒரு கை பிடிக்காமல் மற்றொரு கையால் அதை உரிக்கவே முடியாது. என் அனுபவத்தில் எந்தச் சாதனமும் அதற்கு ஈடாகாது.

மூடிய கையை யாரும் பலவந்தமாக இழுத்துப் பிரிக்க வேண்டாம். கட்டைவிரலின் அடிப்பகுதியைப் பிடித்து மெல்ல வெளியே திருப்பினால் மற்ற விரல்கள் தாமே விரியும்.

பதிவு 7 | இடக்கைக்காரன்

இந்த இழையில் குழந்தைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் முப்பது வயதைத் தாண்டிய ஆண். பிறந்ததிலிருந்து வலக்கையும் வலக்காலும் இப்படித்தான். திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன்.

கையுறை மாட்டுவதைப் பற்றி எழுதியிருப்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் எந்தச் சிகிச்சையாளரும் சொல்லாமலேயே அது நடந்தது. சோற்றுக் கையால் சாப்பிடு என்று சொல்லி என் இடக்கையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, வலக்கையால் நான் அள்ளிய சோறு சட்டையெல்லாம் சிந்துவதைப் பார்த்துச் சிரித்தார்கள். பந்தியில் எனக்கு மட்டும் கடைசி இலை. பள்ளியில் இடக்கையால் எழுதியதற்காக முட்டியில் அடித்தார்கள். ஒரு நாளின் ஒவ்வொரு மணியும் சிகிச்சையாகிவிட்டால், அந்தப் பிள்ளை விளையாடுவது எப்போது? ஐந்தாம் வகுப்பு வரை என் விடுமுறைகள் எல்லாம் ஏதோ ஒரு வைத்தியரின் எண்ணெய்த் தொட்டியில்தான் கழிந்தன. வலக்கை எனக்கு ஒரு துணைக் கையாக, காகிதத்தை அழுத்திப் பிடிக்கவும் பையைத் தோளில் நிறுத்தவும் உதவுகிறது. அதுவே எனக்குப் போதும். சட்டைப் பொத்தானை ஒரே கையால் போட யாரும் கற்றுத்தரவில்லை. பதினைந்து வயதில் நானே பழகினேன். அதை ஐந்து வயதிலேயே ஒருவர் கற்றுக்கொடுத்திருந்தால், பத்து வருடம் அம்மாவின் முன்னால் நெஞ்சைக் காட்டி நின்றிருக்க மாட்டேன்.

இளம் பெற்றோர் அறிய வேண்டிய வேறொன்றும் உண்டு. நடக்கிறான், ஓடுகிறான் என்பதோடு விஷயம் முடிவதில்லை. உயரம் கூடும் வயதில் எலும்பு வளரும் வேகத்துக்குத் தசை வளராமல் குதிகால் மேலேறியது. மாலையானால் மற்றவர்களைவிட எனக்கு இரட்டிப்புக் களைப்பு. இப்போது நல்ல கையின் மணிக்கட்டில்தான் வலி; எல்லா வேலையும் அதன் தலையில் விழுகிறது.

பதிவு 8 | இயன்முறை சிகிச்சையாளர், நெல்லை

நீங்கள் எழுதியதை நான் மறுக்கப்போவதில்லை. தண்டனையாகக் கையைப் பிடித்து வைப்பதற்கும், குழந்தை தானே விரும்பி நீட்டும்படி விளையாட்டை அமைப்பதற்கும் உள்ள வேறுபாடு சிகிச்சை அறையில் எனக்குத் தெரிகிறது. வீட்டுக்குப் போனதும் அந்த வேறுபாடு அழிந்துவிடுவதும் எனக்குத் தெரியும். குழந்தை அழுதால் கையுறையைக் கழற்றிவிட வேண்டும் என்றுதான் நான் முதல் நாளே சொல்வேன். ஆயினும் முதல் இரண்டு வருடத்தைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பள்ளி வயதுக்குப் பிறகு உங்கள் வாதத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஒரே கையால் பொத்தான் போடுவதும் சிகிச்சைதான்.

குதிகால் விஷயம் முக்கியம். இரவில் போடும் தாங்கி, தேவைப்பட்டால் கெண்டைக்கால் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி, வாரந்தோறும் மாற்றிப் போடும் மாவுக்கட்டு ஆகியவை உண்டு. வளர்ச்சி வேகமெடுக்கும் ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கணுக்காலை அளந்து பார்க்க வேண்டும்.

பதிவு 9 | இடக்கைக்காரன்

இரண்டு வருடம் என்ற எல்லைக் கோட்டை நீங்கள் சொல்கிறீர்கள். வீடுகளில் அது இருபது வருடம் நீள்கிறது. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை; போகட்டும்.

பதிவு 10 | சிறப்பாசிரியை, வள்ளியூர் வட்டாரம்

பள்ளியில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் சாதாரண வகுப்பில் சாதாரணமாகப் படிக்கிறார்கள். அதனாலேயே அவர்களுடைய சிரமம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. முதல் வகுப்பில் எல்லாரோடும் ஓடும் குழந்தை, நான்காம் வகுப்பில் கணக்குப் படிகளை நினைவில் வைக்கவும் கரும்பலகையைப் பார்த்து வேகமாக எழுதவும் திணறும்போது, சோம்பேறி என்று பெயர் வாங்குகிறது. இடமூளை அடிபட்ட சிலருக்கு இரு கண்ணிலும் வலப்புறப் பார்வை குறைந்திருக்கும். இடப்பக்கச் சுவரை ஒட்டி உட்கார வைத்தால் கரும்பலகையும் ஆசிரியையும் அவர்களுடைய நல்ல பார்வைக்குள் வரமாட்டார்கள். கரும்பலகை அவர்களுக்கு இடப்புறம் இருக்குமாறு மாற்றி உட்கார வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். தெருவைக் கடக்கும்போது வலப்பக்கமிருந்து வரும் வண்டி தெரிவதில்லை என்பதைப் பெற்றோரும் கவனிக்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் என்று சான்று பெற்ற குழந்தைக்கு ஆறு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும் எழுதுபவரின் உதவியும் கோரலாம். ஒரு கை மட்டும்தானே, சான்று எதற்கு என்று விட்டுவிடும் பெற்றோர், பத்தாம் வகுப்பில் டிசம்பர் மாதம் என்னிடம் ஓடி வருகிறார்கள்.

பதிவு 11 | அம்பை அண்ணாச்சி

சான்றிதழ் பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, அரசு மருத்துவர் குழுவின் பரிசோதனைக்குப் போக வேண்டும். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கான சான்றையே தருவார்கள். காலாவதியாகும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அதில் கிடைக்கும். பயிற்சிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு.

பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள குழந்தைகளை இலவசமாகப் பரிசோதித்துச் சிகிச்சைக்கு அனுப்பும் தேசியத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் அதன் பகுதி. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போய் அதைக் கேளுங்கள். தென்காசிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம் உண்டு. முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே ராமகிருஷ்ணன் அவர்கள் 1981-இல் தொடங்கியது அது. கிராமத்திலேயே வீடு தேடி வந்து தாய்க்குப் பயிற்சியைச் சொல்லித்தரும் வேலையை அவர்கள் செய்கிறார்கள். பேருந்து ஏறி அலைவதற்கு ஆள் இல்லாத வீடுகளுக்கு அது பெரிய உதவி.

பதிவு 12 | வீரவநல்லூர் தந்தை

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதை என் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பிரசவத்தைப் பற்றிய பகுதியை மட்டும் இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னாள். பேச்சைப் பற்றியும் வலிப்பைப் பற்றியும் மருத்துவர் ஐயா இன்னும் சொல்லவில்லை. இடமூளையில்தான் பேச்சு இருக்கிறது என்று கூகுளில் படித்ததிலிருந்து எனக்கு உறக்கம் வரவில்லை.

பதிவு 13 | ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர், பாளையங்கோட்டை

பெரியவருக்கு இடமூளை அடிபட்டால் பேச்சு போய்விடுவது உண்மை. பச்சிளங் குழந்தையின் மூளையில் அந்த வேலை இன்னும் பங்கு பிரிக்கப்படவில்லை. இடப்பாதி இல்லாவிட்டால் வலப்பாதி அதை ஏற்றுக்கொள்கிறது. இத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோர் பேசுகிறார்கள். முதற்சொற்கள் சிலருக்குத் தாமதமாக வரும். உங்கள் மகள் இப்போது கேட்டதைப் புரிந்துகொள்கிறாளா, விரலால் சுட்டிக் காட்டுகிறாளா என்று பாருங்கள். காது கேட்கும் திறனையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். நடப்பதைப் பொறுத்தவரை, ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைகள் ஏறக்குறைய அனைவருமே நடக்கிறார்கள்.

வலிப்பு, கணிசமான குழந்தைகளுக்குப் பின்னாளில் வருகிறது. வருடங்கள் கழித்தும் வரலாம். வந்தால் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். மூக்கில் அடிக்கும் மருந்தை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கி வீட்டில் வைத்திருப்பது நல்லது. இன்னொன்றை எல்லாப் பெற்றோரும் நினைவில் வைக்க வேண்டும்: ஒரு வயதுக்கு முன்பு, தூங்கி எழுந்ததும் குழந்தை தலையை முன்னே சாய்த்துக் கைகளை விரித்து, சில நொடிக்கு ஒரு தடவை என்று தொடர்ச்சியாக உதறினால், மாந்தம் என்று நினைத்து உரை மருந்து கொடுத்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே காணொளி எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது வலிப்பின் கொடிய வகை. நாள் கடந்தால் மூளை வளர்ச்சியைப் பறித்துவிடும்.

பதிவு 14 | வீரவநல்லூர் தந்தை

ஆச்சி ஒன்று கேட்கச் சொன்னார்கள். தினமும் காலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் கை காலை நீவிவிட்டுக் குளிப்பாட்டுகிறார்கள். அதை நிறுத்திவிட வேண்டுமா?

பதிவு 15 | இயன்முறை சிகிச்சையாளர், நெல்லை

நிறுத்த வேண்டாம். ஆனால் மூட்டை முறுக்குவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் கூடாது. தேய்ப்பதால் மட்டும் கை பழகிவிடாது. குழந்தை தானே அசைப்பதுதான் மூளைக்குப் போகும். ஆகவே குளிப்பாட்டும்போது சோப்பை அவளுடைய வலக்கையில் வைத்து, இடக்கையை ஆச்சி தம் கைக்குள் பிடித்துக்கொண்டு, வயிற்றில் அவளே தேய்க்கும்படி விளையாட்டுக் காட்டச் சொல்லுங்கள். வழுக்கி விழுந்துகொண்டே இருக்கும். விழுந்ததை மறுபடி எடுக்கச் சொல்வதுதான் பயிற்சி.

பதிவு 16 | முக்கூடல் தாய்

பயிற்சிக்குப் போகும் நாளில் ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள், தம்பி. நான் சொன்னால் என் மாமியார் கேட்க மாட்டார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி அவர்கள் கையிலேயே பிள்ளையின் கையைக் கொடுத்து, இப்படிப் பிடியுங்கள் ஆச்சி என்று சொன்ன பிறகுதான் கிரகணப் பேச்சு எங்கள் வீட்டில் நின்றது. காலையில் சீக்கிரம் போனால் சீட்டு வாங்கக் கூட்டம் இருக்காது. எம்.ஆர்.ஐ. படத்தையும் பிரசவ அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.